சுவருக்கு அப்பால்

நிலத்தின் மேல் நடப்பவனுக்கு இடர் பெரும்பாலும் கண்ணுக்கு எதிரே வரும். நிலத்தின் கீழ் உழைப்பவனுக்கோ அஃது எத்திசையினின்றும் வரும். தலைக்கு மேலுள்ள பாறை நழுவி விழலாம். காற்றோடு கலந்துள்ள மீத்தேன் வளி தீப்பற்றி வெடிக்கலாம். நிலத்தின் நெருக்கத்தால் தூண்கள் நொறுங்கலாம். இவற்றுக்கெல்லாம் ஓரளவு முன்னறிகுறிகள் உண்டு. ஆயின், எதிரே நிற்கும் நிலக்கரிச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அறியாமலே அச்சுவரை நாள்தோறும் வெட்டிக்கொண்டு செல்லும் தொழிலாளனுக்கு எந்த அறிகுறியும் இல்லை. சுவர் கடைசி நொடி வரை சுவராகவே நிற்கும்.

1975-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், தன்பாத் நகருக்கு அண்மையிலுள்ள சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் அத்தகைய சுவர் ஒன்று உடைந்தது. அப்பகுதி அந்நாளில் பீகார் மாநிலத்தைச் சேர்ந்தது. இன்று சார்க்கண்டு மாநிலத்தில் உள்ளது. கைவிடப்பட்ட பழைய சுரங்கப் பகுதியில் தேங்கிக் கிடந்த நீர், இடைத்தடுப்பைப் பிளந்துகொண்டு கீழே வேலை நடந்த பகுதிக்குள் பாய்ந்தது. 370க்கும் மேற்பட்ட தொழிலாளர் அதில் மாண்டனர். தப்பி ஓட நேரமில்லை. ஓடினாலும் ஏறிச் செல்ல வழியில்லை. பன்னாட்டுச் சுரங்க வரலாற்றிலேயே பெருந்துயரங்களுள் ஒன்றாக அஃது இன்றளவும் எண்ணப்படுகிறது.

கைவிட்ட சுரங்கத்தில் நீர் எங்ஙனம் சேர்கிறது என்பதை அறிவது அரிதன்று. வேலை நடக்கும்வரை எக்கி இயந்திரங்கள் இரவும் பகலும் ஊற்று நீரை இறைத்து வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். சுரங்கம் மூடப்படும் நாளில் இயந்திரமும் நின்றுவிடும். பிறகு மழை நீர் வெடிப்புகளின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு, ஐம்பது ஆண்டு என்று இருளில் அது நிறைந்துகொண்டே இருக்கும். மேலே வயல் விளையும். மக்கள் வீடு கட்டிக்கொண்டு குடியிருப்பர். கீழே ஓர் ஏரி இருப்பது எவர் நினைவிலும் இராது.

இந்நிலத்தடி ஏரிகளின் எல்லையைக் காட்ட வேண்டியவை வரைபடங்கள். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் அளவர் வரைந்த படம் உண்டு. ஆயினும், சுரங்கத்தின் வாழ்நாளில் மிகக் குறைந்த அக்கறையோடு வரையப்படும் பகுதி அதன் கடைசிப் பகுதியே என்பது கசப்பான உண்மை. மூடப்போகும் சுரங்கத்தின் கணக்கைச் சரிவரக் குறித்து வைக்க எவருக்கு மனம் வரும்? கடைசித் திங்களில் அவசர அவசரமாக வெட்டிய நிலக்கரி படத்தில் ஏறாமலே போய்விடுவதுண்டு. படமும் பரண்மேல் கிடந்து பழுதாகிறது.

வட அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், குவீகிரீக் என்னும் சுரங்கத்தில் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. 2002-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24-ஆம் நாள் இரவு, அங்கே 18 பேர் இரு குழுக்களாக வேலை செய்துகொண்டிருந்தனர். அருகிலிருந்த பழைய சுரங்கம் ஏறத்தாழ 300 அடிக்கு அப்பால் இருப்பதாக அவர்கள் கையிலிருந்த படம் காட்டியது. ஆனால் வெட்டும் இயந்திரம் சுவரைக் குடைந்தபோது அதன் பின்னால் இருந்தது நிலக்கரி அன்று, நீர். அப்படம் பழையது, அதற்குப் பின்னும் அந்தச் சுரங்கத்தில் வெட்டு நடந்திருந்தது. 5 கோடி கேலனுக்கும் மேற்பட்ட நீர் உள்ளே புகுந்தது. நீரின் எதிரே நின்ற குழுவினர் தாம் ஓடுவதற்கு முன் தொலைபேசியை எடுத்து மற்றக் குழுவினரை எச்சரித்தனர். எச்சரிக்கப்பட்ட ஒன்பதின்மரும் வெளியேறிப் பிழைத்தனர்; எச்சரித்த ஒன்பதின்மர் உள்ளே அகப்பட்டனர்.

நிலமட்டத்திலிருந்து சுமார் 240 அடி ஆழத்தில், மேடான ஒரு மூலையில் அவர்கள் ஒதுங்கி நின்றனர். நீர் ஏறிக்கொண்டே வந்தது. இறந்தாலும் உடல்கள் சிதறாமல் ஓரிடத்தில் கிடைக்கட்டும் என்று ஒருவரையொருவர் கம்பியால் பிணைத்துக்கொண்டனர். மனைவி மக்களுக்கு எழுத வேண்டியதை எழுதி ஒரு வாளியில் அடைத்து நீர் புகாவண்ணம் மூடி வைத்தனர். மேலே இருந்தவர்கள், அவர்கள் ஒதுங்கக்கூடிய இடம் எதுவென்று கணித்து, அங்கே சிறு துளை ஒன்றை இறக்கினர். துளையிடும் தண்டு கீழே எட்டியதும் உள்ளே இருந்தவர்கள் அதன்மீது ஒன்பது முறை தட்டினர். அந்த ஒன்பது தட்டுகளையும் மேலே இருந்தவர்கள் கேட்டனர். அத்துளையின் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரைத் தள்ளி நிறுத்தியவாறே, ஆள் இறங்கக்கூடிய பெருந்துளையை வெட்டத் தொடங்கினர். இடையில் துளைக்கருவி முறிந்தது. மணிக்கணக்கில் வேலை நின்றது. முடிவில் 28-ஆம் நாள் விடியுமுன் ஒன்பதின்மரும் எஃகுக் கூண்டில் ஒருவர்பின் ஒருவராக உயிரோடு மேலே கொண்டுவரப்பட்டனர்.

கூண்டில் ஆளை ஏற்றும் அம்முறை இந்தியாவுக்குப் புதிதன்று. 1989-ஆம் ஆண்டு நவம்பரில் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சுப் பகுதியில், மகாவீர் சுரங்கத்தில் இதே போன்று பழைய நீர் உடைத்துப் புகுந்தபோது, சசுவந்து சிங் கில் என்னும் பொறியாளர் தாமே வகுத்த கூண்டில் தாமே முதலில் இறங்கி, 65 பேரை மேலேற்றி அனுப்பிவிட்டுத் தாம் கடைசியாக வந்தார். அவருடைய துணிவைப் பற்றித் தனியே ஒரு பாடம் எழுதலாம்.

மீட்பு நிகழ்ச்சிகள் நெஞ்சை நெகிழ்விப்பவை. ஆயினும், சுவரை உடைக்கும் முன்னரே சுவருக்கு அப்பால் காண முடிந்திருந்தால் அந்த வாளியில் கடிதங்கள் வைக்கவேண்டிய தேவையே எழுந்திராது. அங்ஙனம் காண முடியுமா?

பாறைக்குள் உள்ளதை அறிய மனிதன் மிகப் பழங்காலத்திலிருந்தே செவியைப் பயன்படுத்தினான். சந்தையில் மட்பானை வாங்கும் பாட்டி அதை விரலால் சுண்டி ஓசை கேட்காமல் வாங்குவதில்லை. கணீரென்றால் நல்ல பானை. மொத்தென்று ஒலித்தால் கீறல் விழுந்த பானை. சுரங்கத் தொழிலாளரும் நீண்ட இரும்புக் கோலால் கூரைப் பாறையைத் தட்டிப் பார்ப்பர். இறுகிய பாறை கணீரென்று ஒலிக்கும். மேற்பாறையினின்று விட்டுப் பிரிந்து நிற்கும் பாறை பறை போலப் பொள்ளென்று ஒலிக்கும். எளிய முறையாயினும் இன்றும் கைவிடப்படாத முறை இது. ஆயின் தட்டுவோனின் செவி, தலைக்கு மேல் சிறிதளவு தடிப்பைத்தான் அறியும். பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள நீரை எந்தச் செவியும் கேளாது.

செவி கேளாததை மின்காந்த அலை கேட்கும். 1904-ஆம் ஆண்டில் செருமானியரான கிறித்தியன் ஹுல்சுமேயர் என்பவர், வானொலி அலையை அனுப்பி அஃது எதிரொலித்து வருவதைக்கொண்டு தொலைவிலுள்ள கப்பலைக் கண்டறியும் கருவியைச் செய்து, ரைன் ஆற்றங்கரையில் பலரும் காண இயக்கிக் காட்டினார். ரேடார் என்னும் பெயர் பின்னர் வந்தது. காற்றில் செல்லும் அலை மண்ணிலும் செல்லுமன்றோ என்று எண்ணி, 1910-ஆம் ஆண்டிலேயே செருமனியில் லைம்பாக், லோவி என்னும் இருவர் நிலத்தில் புதைந்த பொருள்களை மின்காந்த அலையால் அறியும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். 1929-ஆம் ஆண்டில் ஆசுத்திரிய நாட்டில் ஒரு பனியாற்றின் தடிப்பு இம்முறையால் அளக்கப்பட்டது. அதன்பின் நெடுநாள் இக்கலை உறங்கிற்று. 1970-க்குப் பின்னரே செம்மையான கருவிகள் தோன்றின. 1972-ஆம் ஆண்டு திங்களைச் சுற்றிவந்த அப்பல்லோ 17 விண்கலம், அதன் நிலப்பரப்புக்கு அடியில் உள்ளதை அறிய இத்தகைய கருவியொன்றைக் கொண்டு சென்றது. திங்களின் உள்ளே நோக்கிய காலத்திலும் நிலக்கரிச் சுவரின் உள்ளே நோக்குவது அரிதாகவே இருந்தது என்பது நகைப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது.

கருவி இயங்கும் வகை வருமாறு. பெட்டி போன்ற ஓர் அலைபரப்பியைச் சுவரோடு ஒட்டி வைத்து, மிகக் குறுகிய மின்காந்தத் துடிப்பு ஒன்றை உள்ளே செலுத்துவர். வெற்றிடத்தில் அவ்வலை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் விரைவில் செல்லும். அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்காகிய நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் செல்லும். பொருள்களினுள் அதன் விரைவு குறையும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒப்பு விடுதிறன் என்றோர் எண் உண்டு. காற்றுக்கு அது 1. நிலக்கரிக்கு ஏறத்தாழ 4. நீருக்கு ஏறத்தாழ 80. அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் விரைவு கிடைக்கும். ஆகவே நிலக்கரியில் அலை நானோ நொடிக்கு 15 சென்டிமீட்டர் செல்லும். பத்து மீட்டர் அப்பால் ஒரு தடை இருப்பின், அலை அதைச் சென்று தொட்டுத் திரும்பும் 20 மீட்டர் வழிக்கு ஏறத்தாழ 133 நானோ நொடி ஆகும். அந்நேரத்தை அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். கிணற்றில் கல்லைப் போட்டு, ஓசை எழும் நேரத்தைக்கொண்டு ஆழத்தை மதிப்பிடும் சிறுவனின் கணக்குத்தான் இதுவும்.

அலை எங்கே எதிரொலிக்கும்? விடுதிறன் திடீரென மாறும் இடத்தில் எதிரொலிக்கும். நிலக்கரிக்கும் நீருக்கும் இடையே அம்மாற்றம் மிகப் பெரிது. ஆதலின் சுவருக்கு அப்பாலுள்ள நீர் வலிமையான எதிரொலியைத் தரும். வெறும் காற்று நிறைந்த பழைய வளையும் எதிரொலி தரும். இரண்டையும் வேறு பிரித்து அறிவது எங்ஙனம்? இங்கே இயற்கை ஓர் அரிய உதவி செய்திருக்கிறது. விடுதிறன் மிகுந்த பொருளில் மோதும் அலை தலைகீழாகத் திரும்பி வரும். குறைந்த பொருளில் மோதும் அலை திரும்பாமல் அப்படியே வரும். எதிரொலியின் முகடு மேல்நோக்கி உள்ளதா கீழ்நோக்கி உள்ளதா என்பதைக் கண்டு, அங்கே இருப்பது காற்றோ நீரோ என்று தேர்ந்தவர் கணிப்பர். ஒரு முகட்டின் திசையில் பல உயிர்கள் அடங்கியிருக்கின்றன.

கூரையைக் காண்பதிலும் இக்கருவி உதவுகிறது. தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களில், கூரைக்கு மேலே குரோமியத் தாதுவால் ஆகிய மெல்லிய ஏடுகள் பாறையினிடையே கிடக்கின்றன. அந்த ஏடுகளில்தான் பாறை பிரிந்து விழும். கூரையைத் தாங்கப் பொறியாளர் நீண்ட இரும்பு ஆணிகளை மேல்நோக்கி அறைவர். ஏடு இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்க, ஒன்றரை மீட்டர் ஆணியை அறைந்தால் என்ன பயன்? ஆணியும் பாறையும் சேர்ந்தே விழும். ரேடார் அந்த ஏட்டின் உயரத்தைக் காட்டுகிறது. ஆணியின் நீளம் அதற்கேற்ப அமைகிறது.

இக்கருவிக்கு மிகவும் உகந்த இடம் உப்புச் சுரங்கம். உலர்ந்த உப்பு மின்காந்த அலையை விழுங்குவதில்லை. செருமானிய உப்புச் சுரங்கங்களில் சில நூறு மீட்டர் தொலைவு வரை அலை சென்று திரும்பியிருக்கிறது. உப்புக்குள் நீர் புகின் சுரங்கமே கரைந்துபோகுமாதலின், உள்ளே மறைந்திருக்கும் உவர்நீர்த் தேக்கங்களை முன்கூட்டி அறிவது அங்கே உயிர்நிலை.

நிலக்கரியில் அவ்வளவு தொலைவு செல்லாது. இடத்துக்கேற்பச் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரைதான். நடுவே களிமண் படலம் குறுக்கிட்டால் அதுவும் இல்லை. ஈரக் களிமண், பாலைவன மணல் நீரை உறிஞ்சுவது போல அலையை உறிஞ்சிவிடும். குறைந்த அதிர்வெண் அலை ஆழமாகச் செல்லும். ஆனால் சிறு பொருளை அதனால் காட்ட இயலாது. மிகுந்த அதிர்வெண் அலை நுட்பமாகக் காட்டும். ஆனால் ஆழமாகச் செல்லாது. 100 மெகாஹெர்ட்சு அலையின் நீளம் நிலக்கரியினுள் ஒன்றரை மீட்டர். 1000 மெகாஹெர்ட்சு அலையின் நீளம் 15 சென்டிமீட்டர். இரண்டில் எதைக் கொள்வது என்பது, தேடும் பொருளைப் பொறுத்தது. சுரங்கத்தினுள் எங்கும் இரும்புத் தண்டவாளமும் கம்பிவலையும் மின்வடமும் நிறைந்திருக்கும். அவை யாவும் எதிரொலி எழுப்பிப் படத்தைக் கலைக்கும். மீத்தேன் உள்ள இடத்தில் சிறு மின்பொறியும் பேரழிவாகுமாதலின், கருவியையே பொறி எழாவண்ணம் அமைக்க வேண்டியுமிருக்கிறது.

பாறையினுள் உறைந்துள்ள நெருக்கத்தையும் ரேடார் காட்டாது. கோலார்த் தங்கவயலில் இது பெருங்குறையாக இருந்திருக்கும். வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்த அச்சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. அத்துணை ஆழத்தில் பாறை தன் மேலுள்ள பாரம் தாளாமல் வெடிகுண்டு போல வெடிக்கும். அதை அறியப் பாறையின் நுண்ணதிர்வுகளைக் கேட்கும் கருவிகளே அங்கே வேண்டியிருந்தன. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் அவ்வூரிலேயே தொடங்கப்பட்டது பொருத்தமே.

ரேடாரின் சொல்லை முற்றும் நம்பிவிடலாகாது என்பதற்கு, சுரங்கம் அல்லாத ஒரு சுரங்கப்பாதையே சான்று. 2023-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், உத்தரகண்டு மாநிலத்தில் சில்கியாரா என்னுமிடத்தில் மலையைக் குடைந்து அமைத்துக்கொண்டிருந்த சாலைப்பாதை இடிந்து, 41 தொழிலாளர் உள்ளே அடைபட்டனர். இடிபாட்டின் ஊடே இரும்புக் குழாயைச் செலுத்தப் பெரிய துளை இயந்திரம் கொண்டுவரப்பட்டது. அது கம்பிகளில் சிக்கிச் சிக்கி நின்றது. அப்போது ரேடாரால் உள்ளே நோக்கியவர்கள், அடுத்த ஐந்து மீட்டருக்கு உலோகத்தடை எதுவும் இல்லை என்று அறிவித்தனர். நாடே மூச்சு விட்டது. சிறிது நேரத்தில் இயந்திரம் மீண்டும் தடையில் மாட்டிக்கொண்டு, பின்னர் உள்ளேயே முறிந்தும் போயிற்று. இடிந்த மண்ணும் கல்லும் கம்பியும் கலந்து குவிந்த குப்பையில் அலைகள் எங்கெங்கோ சிதறும். அங்கே தெளிவான எதிரொலியை எதிர்பார்ப்பதே மிகை.

எஞ்சிய பன்னிரண்டு மீட்டர் அளவான தொலைவைக் கையால் குடைந்தவர்கள், எலிவளைச் சுரங்கத் தொழிலாளர் என்று அழைக்கப்படுவோர். எண்பது சென்டிமீட்டர் அகலக் குழாயினுள் தவழ்ந்து சென்று, சிறு கருவிகளால் மண்ணை அகழ்ந்து வெளியே தள்ளினர். 17-ஆம் நாள் 41 பேரும் உயிரோடு வெளிவந்தனர். ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2018-ஆம் ஆண்டு டிசம்பரில், மேகாலயத்தில் இதே போன்ற எலிவளை ஒன்றில் நீர் புகுந்து உழைப்பாளர் பலர் மாண்டிருந்தனர். அந்த வளைக்கு வரைபடமே கிடையாது.

ஆதலின் அறிந்த பொறியாளர் எவரும் ரேடாரை மட்டும் வைத்துக்கொண்டு சுவரை உடைக்கச் சொல்வதில்லை. இந்திய நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1957-ஆம் ஆண்டு வகுத்த ஒழுங்குமுறைகள், பழைய சுரங்கப் பகுதிக்குச் சுமார் 60 மீட்டர் அண்மையில் வந்தபின் எழுத்தால் பெற்ற இசைவின்றி மேலே வெட்டலாகாது என்றும், வெட்டும்போது முன்னே துளையிட்டுப் பார்த்துக்கொண்டே செல்லவேண்டும் என்றும் கட்டளையிட்டன. 2017-ஆம் ஆண்டு புதிய ஒழுங்குமுறைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. துளை ஓர் ஊசி போன்றது. குத்திய இடத்தை மட்டுமே அது அறியும். அதற்கு ஒரு முழம் தள்ளிப் பழைய வளை கிடந்தாலும் துளை அதைத் தொடாமலே போய்விடக்கூடும். துளைகளுக்கு இடையே உள்ள இருளை ரேடார் துழாவுகிறது; ரேடார் ஐயுற்ற இடத்தைத் துளை சென்று தொட்டுப் பார்க்கிறது.

வேலை தொடங்குமுன், வெட்டுமுகத்தில் இயந்திரங்கள் நிறுத்தப்படுகின்றன. இருவர் பெட்டியைச் சுவரோடு அணைத்து இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துகின்றனர். மூன்றாமவர் திரையில் விழும் கோடுகளை நோக்குகிறார். கோடு வில்லாக வளையும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைகிறார். பிறகு துளைக்கருவி அந்த வட்டத்தின் நடுவே வைக்கப்படுகிறது. நீர் பீறிட்டால் துளையின் வாயை உடனே அடைப்பதற்கு, அடைப்புக் கட்டையுடன் ஒருவர் அருகிலேயே நிற்கிறார்.